பெயரைச் சின்னமாக்குவது எப்படி: எழுத்து லோகோ, ஒரு வெள்ளி நாணயம் முதல் துணிப்பை வரை

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. அதன் விளிம்பில் தாத்தா, பாட்டி இருவரின் முதலெழுத்துகளும் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுபவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதிரும் ஊசி ஒன்றைக் கையில் பிடித்து, வழுக்கும் உலோகத்தின் மேல் புள்ளி புள்ளியாக எழுத்தை நடத்திக்கொண்டே போவார். விசேஷ வீட்டில் எத்தனை தூக்குகள் கலந்து கிடந்தாலும் பாட்டி தன்னுடையதைச் சட்டென்று எடுத்துவிடுவார். எழுத்தைப் படித்துப் பார்த்து எடுக்கமாட்டார். அந்த வளைவின் சாடையே அவருக்குப் போதும்.

தனிப்பட்ட எழுத்து லோகோ என்பது இதுதான். படம் இல்லை, பூ இல்லை, சிங்கத் தலை இல்லை. உங்கள் பெயரின் எழுத்துகளையே, படிப்பதற்கு முன்பே அடையாளம் தெரிகிற ஒரு வடிவமாக மாற்றுவது. முழுப் பெயரையும் அப்படி எழுதினால் அது சொற்சின்னம். ஒன்றிரண்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எழுத்துச் சின்னம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே தேவைப்படும்: பையில் போட முழுப் பெயர், ஸ்டிக்கரில் போட ஓரெழுத்து.

உலகம் முழுக்க டீசட்டைகளில் பார்க்கும் நியூயார்க் நகரச் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று எழுத்து, ஒரு சிவப்பு இதயம், அவ்வளவுதான். மில்டன் கிளேசர் 1976ல் ஒரு டாக்சியின் பின்னிருக்கையில் உட்கார்ந்து கிறுக்கியது அது. நம் சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு நாட்டின் பொன்விழாவுக்கு வந்த எஸ்ஜி50 சின்னமும் இந்த ரகம்தான். ஒரு சிவப்பு வட்டம், உள்ளே இரண்டு எழுத்து, இரண்டு எண். பையிலும் சட்டையிலும் பேருந்திலும் ஒட்டினார்கள், எங்கும் அது அதுவாகவே இருந்தது. சிறிய பொருளிலும் பெரிய பொருளிலும் ஒன்றுபோலவே நின்றதால்தான் அது எல்லா இடத்திலும் ஏற முடிந்தது.

ஆரம்பிப்பவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கணினித் திரையில் பெரிதாக, அழகாக, நிழல் விழ, மெல்லிய கோடுகளோடு ஒன்றை வரைந்துவிட்டு, பிறகு “இதை எதில் போடலாம்?” என்று பொருளைத் தேடுகிறார்கள். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: பொருளை முதலில் முடிவு செய்யுங்கள். அதிலும் நீங்கள் போட நினைக்கும் பொருள்களிலேயே மிகச் சிறியது எது, மிகக் கரடுமுரடானது எது என்று பாருங்கள். எழுத்தின் பருமன், சுழியின் அகலம், புள்ளியின் அளவு எல்லாவற்றையும் அந்த இரண்டும்தான் தீர்மானிக்கும்.

இது தமிழ் எழுத்துக்குப் புதிதும் அல்ல. பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதிய காலத்தில், மெய்யெழுத்துக்குரிய புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டார்கள். படிப்பவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். பாத்திரத்தில் அதே எழுத்து முழுக்க முழுக்கப் புள்ளியாலேயே ஆனது. சலவைக்குப் போட்ட துணியில் அழியாத மையால் இட்ட குறியும் இந்த வரிசையில் வரும். டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் தினமும் இறங்கி ஏறுகிறோம். அந்தப் பக்கம் ஓடிய ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்து உலர்த்திய இடம் என்பதால் வந்த பெயர் அது. வீடுவீடாக வந்து சேரும் வேட்டிகளை மாறிப்போகாமல் திருப்பிக் கொடுக்க, துணியின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். துவைத்தாலும் போகக்கூடாது, கண்ணையும் உறுத்தக்கூடாது. நம் லோகோவிடம் நாம் கேட்பதும் ஏறக்குறைய அதேதான்.

சரி, எழுத்துக்கு வருவோம்.

எடுத்துக்காட்டாக ‘எழில்’ என்ற பெயரை வைத்துக்கொள்வோம். மூன்றே எழுத்து. முதலில் கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் உங்கள் சொந்தக் கையெழுத்தில், வேகமாக, இருபது முறை எழுதுங்கள். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். இப்போது மனம் படிக்காது, கண் வடிவத்தை மட்டும் பார்க்கும். ‘எ’ இடப்பக்கம் ஒரு சுழியோடு தொடங்குகிறது. ‘ல’வும் இடப்பக்கம் ஒரு சுழியோடுதான் தொடங்குகிறது. நடுவில் ‘ழி’ மட்டும் வேறு மாதிரி. மேலே ஒரு கொக்கி, கீழே கோட்டைத் தாண்டி இறங்கும் ஒரு வால். கடைசியில் ‘ல்’ தலையில் ஒரு புள்ளி.

ஆக, கையில் நான்கு வகைச் சரக்கு இருக்கிறது: இரண்டு சுழி, ஒரு கொக்கி, ஒரு வால், ஒரு புள்ளி. நான்கையும் பயன்படுத்திவிட வேண்டும் என்று கை பரபரக்கும். சுழியை மலராக்கலாம், வாலைக் கொடியாக்கலாம், புள்ளியைப் பொட்டாக்கலாம். நான்கையும் செய்தால் கல்யாணப் பத்திரிகையின் மேலட்டை மாதிரி இருக்கும், லோகோவாக இருக்காது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அதைப் பேச விடுங்கள். மற்ற மூன்றும் ஒழுங்காக, அமைதியாக நிற்கட்டும். எழிலுக்கு நான் வாலைத்தான் எடுப்பேன். அதைக் கொஞ்சம் நீட்டி, ‘ல்’ எழுத்துக்கு அடியில் ஒரு பாய் விரித்தது போலக் கொண்டு வந்து நிறுத்தலாம். மூன்று எழுத்தும் ஒரே கோட்டில் பிடிபட்டுவிடும்.

ஓரெழுத்துச் சின்னத்துக்கு என்ன செய்வது? உடனே எல்லோருக்கும் தோன்றுவது ‘ழ’. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன்: வேண்டாம். ‘ழ’ தனியாக நின்றால் ‘தமிழ்’ என்றுதான் சொல்லும், ‘எழில்’ என்று சொல்லாது. அத்தனை டீசட்டைகளில், அத்தனை கைப்பைகளில் அது ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் ‘ழி’ தனியாக நிற்பதை நாம் அதிகம் பார்த்ததில்லை. மேல் கொக்கியும் கீழ் வாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த வடிவம் எழிலுக்கே உரியதாக மாற வாய்ப்பு இருக்கிறது. உங்கள் பெயரிலும் முதலெழுத்துதான் சின்னமாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நடுவில் இருக்கும் எழுத்து வலுவாக இருந்தால் அதை எடுங்கள். பெயரில் ‘லை’, ‘ணை’, ‘னை’ வருகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. தமிழ்நாட்டில் 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வரும்வரை இந்த எழுத்துகளை யானைத் தும்பிக்கை போல மேலே வளைத்து எழுதினார்கள். வீட்டுப் பெரியவர்களின் பழைய கடிதங்களில் இருக்கும். ‘கலை’, ‘மலை’ என்று முடியும் பெயர்களுக்கு அந்தத் தும்பிக்கை ஓர் அருமையான வடிவம். ஆனால் இளையவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் போகலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுத்தது சரிதானா என்று பார்க்க, சிங்கப்பூரில் நமக்கு வேறு ஊரில் கிடைக்காத ஒரு சோதனை இருக்கிறது. தமிழ் தெரியாத பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடமோ, வேலையிடத்துச் சீன நண்பரிடமோ, மலாய் நண்பரிடமோ உங்கள் சின்னத்தை ஐந்து விநாடி காட்டுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். அவர் எதை விடாமல் வரைகிறாரோ அதுதான் உங்கள் சின்னத்தின் உயிர். வாலை மறந்து சுழியை வரைந்தால், நீங்கள் அழுத்தம் கொடுத்த இடம் தவறு. நான் இதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த எந்த ஆலோசனையைவிடவும் இது பயன்பட்டிருக்கிறது.

அடுத்தது நாணயச் சோதனை. ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயத்தைத் தாளில் வைத்து வட்டம் போடுங்கள். இப்போது புழக்கத்தில் இருக்கும் நாணயம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் அகலம். அந்த வட்டத்துக்குள் உங்கள் சின்னத்தைச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். சுழிக்குள் இருக்கும் வெள்ளை தெரிகிறதா? புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா, அல்லது தூசி மாதிரி இருக்கிறதா? தமிழில் இந்தச் சுழிகள்தான் முதலில் அடைபடும். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ உள்ள பெயர்களுக்கு இது பெரிய விஷயம். கோட்டை மெலிதாக்குவதைவிடச் சுழியை அகலமாகத் திறப்பதுதான் நல்ல வழி. புள்ளியின் அகலம் எழுத்துக் கோட்டின் பருமனைவிட ஒரு படி கூடுதலாக இருக்கட்டும். ‘எழில்’ என்பதில் புள்ளி போய்விட்டால் ‘எழில’ என்றுதானே நிற்கும்.

எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அளவுகோல் வைத்துச் சமமாக்க முயல வேண்டாம். ‘எ’வின் வலப்பக்கம் நேர்கோடு. ‘ல’வின் இடப்பக்கம் வளைவு. நேர்கோடும் நேர்கோடும் அருகருகே வந்தால் நெருக்கமாகத் தெரியும்; வளைவும் வளைவும் வந்தால் விலகித் தெரியும். நடுவில் மணலைக் கொட்டினால் எல்லா இடைவெளியிலும் ஒரே அளவு மணல் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கண்ணால் சரிசெய்யுங்கள்.

இரண்டு எழுத்து, ஒரே வீடு

இங்கே வாழ்கிற நமக்கு ஆங்கில எழுத்தும் தேவைப்படும். பை வாங்குகிறவர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் வழக்கம், தமிழைச் சின்னமாக வைத்து, ஆங்கிலப் பெயரை அதன் கீழே சிறிதாக, அலங்காரம் இல்லாமல் எழுதுவது. இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் இரண்டும் சண்டை போடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டால் அது தமிழை அமுக்கிவிடும். கோட்டுப் பருமன் இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். கத்தமரான், பாலூ தம்பி போன்ற எழுத்துருக்களில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன, அதனால் தொடக்கத்தில் அவை உதவும்.

எழுத்துரு என்றதும் உரிமத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களான முக்த மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ், கவிவனார் ஆகியவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகின்றன. அவற்றை வைத்து லோகோ செய்து, அந்த லோகோ உள்ள பொருளை விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. இணையத்தில் ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்’ என்று வருபவற்றைத் துணிப்பையில் போட்டு விற்க முடியாது. ஐஃபோனிலும் மேக்கிலும் வரும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவில் உள்ள ‘எம்என்’, அதை வடிவமைத்த, நம் பக்கத்து நாடான மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் பெயரைக் குறிப்பது. இது பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

எழுத்துருவை அப்படியே தட்டச்சு செய்து விட்டுவிட்டால் அது உங்கள் சின்னம் ஆகாது. அதே எழுத்துருவைத் தரவிறக்கும் யாரும் உங்கள் பெயரை அப்படியே எழுதிவிடலாம். எழுத்துருவை எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு, நீங்கள் தாளில் கண்டுபிடித்த அந்த ஒரு வாலை, அந்த ஒரு சுழியை அதில் ஏற்றுங்கள். அல்லது கையால் வரைந்ததையே படமெடுத்துக் கணினியில் அதன் மேல் கோடு இழுங்கள். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. நேரம் ஆகும், ஆனால் கை தெரியும்.

உடைந்த ‘கை’

சில ஆண்டுகளுக்கு முன்னால் ‘சிங்கை’ என்று நான் எழுதிய சொல்லை இருபது துணிப்பைகளில் அச்சடிக்கக் கொடுத்தேன். என் கணினியில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. கடைக்காரர் ஃபைலை அவருடைய மென்பொருளில் திறந்திருக்கிறார். வந்த பைகளில் ‘சிங்க’ என்று இருந்தது. அதற்குப் பிறகு, ‘ை’ என்ற இணைக்கொம்பு தனியாகக் கடைசியில் நின்றது. அவருக்குத் தமிழ் தெரியாது, தப்பு நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஃபைலை அப்படிக் கொடுத்தது நான். இருபது பையும் வீட்டில் காய்கறிக்குத்தான் பயன்பட்டன.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு இந்த நட்டம் வராது. கணினி ‘கை’ என்ற எழுத்தை முதலில் ‘க’, பிறகு ‘ை’ என்ற வரிசையில்தான் சேமித்து வைக்கிறது. திரையில் காட்டும்போது மென்பொருள்தான் இணைக்கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். தமிழுக்கான அமைப்பு இல்லாத மென்பொருள், சேமித்த வரிசையிலேயே காட்டிவிடும். ‘கெ’, ‘கே’, ‘கொ’, ‘கோ’, ‘கை’ வரிசை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. அடோபி இல்லஸ்ட்ரேட்டர் பயன்படுத்துகிறவர்கள் அமைப்புகளில் இந்திய மொழிகளுக்கான தெரிவைத் திறந்து, பத்திக்குத் தென்னாசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை, தமிழ் ஒழுங்காகவே வரும்.

எதில் செய்தாலும், கடைக்கு அனுப்புவதற்கு முன் எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’, இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’. மாற்றிய பிறகு அது எழுத்து அல்ல, படம். யாருடைய கணினியிலும் கொம்பு இடம் மாறாது. ஆனால் எழுத்துப் பிழையைத் திருத்தவும் முடியாது. அதனால் மாற்றுவதற்கு முந்தைய ஃபைலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். கூடவே, எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்று காட்டும் ஒரு படத்தையும் கடைக்கு அனுப்பி, “இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்” என்று சொல்லுங்கள். மொழி தெரியாதவராலும் அதைச் செய்ய முடியும்.

ஃபைல் வகையைப் பற்றி நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். கோலத்தை வைத்துச் சொன்னால் எளிது. ‘ஏழு புள்ளி, ஏழு வரிசை, இங்கிருந்து அங்கே வளைவு’ என்று சொன்னால் சின்ன வாசலிலும் போடலாம், பெரிய மண்டபத்திலும் போடலாம், கோலம் கெடாது. எஸ்விஜி, பிடிஎஃப், இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ ஃபைல்கள் இப்படிப்பட்டவை, கோட்டுக் கணக்கை வைத்திருப்பவை. ஜேபெக், பிஎன்ஜி என்பவை அந்தக் கோலத்தைப் பிடித்த புகைப்படம். பெரிதாக்கினால் விளிம்பு கலைந்து போகும். வேறு வழியில்லாமல் பிஎன்ஜி கொடுக்க வேண்டி வந்தால், அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கட்டும். பையில் 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சடிக்க ஏறத்தாழ 2,950 புள்ளி அகலமுள்ள படம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

பொருளில் ஏறும்போது

துணிப்பையிலிருந்து தொடங்குவது நல்லது. தட்டையானது, பெரியது, தப்பை மன்னிக்கும். பைக்குப் பழைய, நம்பகமான வழி ஸ்க்ரீன் பிரிண்டிங். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் மேல் ஒளி பட்டால் இறுகும் ஒரு பூச்சைத் தடவுவார்கள். உங்கள் எழுத்தின் மேல் மட்டும் ஒளி படாமல் மறைத்துவிடுவதால், கழுவும்போது அந்த இடம் திறந்துகொள்ளும். பையை அடியில் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. திறந்த வழியாக மை இறங்கி எழுத்து நிற்கும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். ஆகவே இரண்டு நிறம் என்றால் இரண்டு சட்டத்துக்குக் காசு. சட்டம் செய்யும் செலவு ஒரே தடவைதான், ஐந்து பை போட்டாலும் ஐம்பது பை போட்டாலும் அதே செலவு. அதனால்தான் குறைவாகப் போட்டால் ஒரு பையின் விலை ஏறுகிறது. ஒரே நிறத்தில் நிற்கும் சின்னம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு அழகு மட்டும் காரணம் அல்ல.

கேன்வாஸ் துணியைக் கைவிரலால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கும். மெல்லிய கோடு மேட்டில் ஏறிப் பள்ளத்தில் விட்டுப்போகும். சுழியின் ஓரத்தில் மை கொஞ்சம் பரவி உள்வெள்ளையைத் தின்னும். நாணயச் சோதனையில் தேறிய சின்னம் இங்கே பெரும்பாலும் தப்பித்துவிடும். கறுப்புப் பையில் வெளிர்நிற எழுத்து வேண்டுமென்றால் அடியில் ஒரு வெள்ளைப் படலம் போட வேண்டியிருக்கும், அதற்கும் தனிக் காசு. முதல் முறைக்கு வெளுக்காத பருத்திப் பையில் கறுப்பு மை போதும்.

பத்துப் பதினைந்து டீசட்டை மட்டும் வேண்டும் என்றால் டிடிஎஃப் முறை கைகொடுக்கும். ஒரு படலத்தில் மையை அச்சடித்து, பசைத்தூளைத் தூவி, சூட்டில் அழுத்திச் சட்டையில் ஒட்டுவது. சட்டம் தேவையில்லை, எத்தனை நிறமும் போடலாம். வினைல் படலத்தை வெட்டி ஒட்டும் முறையும் உண்டு. அதில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டுவார்கள். வெட்டிய பிறகு வேண்டாத பகுதியை ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அந்த வேலை எவ்வளவு கடினம் என்று ஒருமுறை செய்து பார்த்தால்தான் புரியும். ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஊசி போக வேண்டும். புள்ளி தனித்துண்டாக இருப்பதால் பல சலவைக்குப் பிறகு முதலில் கழன்று விழுவதும் அதுதான். எழிலுக்கு வினைல் போடுவதாக இருந்தால், புள்ளியைப் பெரிதாக்குவேன், அல்லது ‘ல்’லின் மேல்நுனியோடு லேசாகத் தொடவிட்டு ஒட்டிவிடுவேன்.

மக்கில் போடும்போது சின்னத்தைவிட இடம்தான் முக்கியம். சாதாரண மக் ஒன்றைச் சுற்றி அளந்தால் 25 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஒரு பக்கமிருந்து பார்க்கும்போது வளைவில் போகாமல் நேராகத் தெரிவது ஆறேழு சென்டிமீட்டர்தான். நீளமான பெயரைச் சுற்றிப் போட்டால் யாருக்கும் முழுதாகத் தெரியாது. வலக்கையால் பிடித்துக் கோப்பி குடிப்பவருக்குத் தெரிவது ஒரு பக்கம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது மறுபக்கம். நான் ஓரெழுத்துச் சின்னத்தை எதிரே இருப்பவர் பக்கமும், முழுப் பெயரைச் சிறிதாகக் குடிப்பவர் பக்கமும் வைப்பேன். ஒரு தாளை மக்கைச் சுற்றி ஒட்டி, பென்சிலால் எழுதிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் இதெல்லாம் விளங்கிவிடும். பெரும்பாலான மக்குகளில் பதங்கமாதல் முறையில், அதாவது சப்ளிமேஷனில், மை ஏற்றுகிறார்கள். சூட்டில் மை ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்துகொள்ளும். அதற்கென்று பூச்சுப் பூசிய மக்கிலும் பாலியெஸ்டர் துணியிலும்தான் அது பிடிக்கும். பருத்திச் சட்டைக்கு அதைக் கேட்காதீர்கள், துவைத்தால் போய்விடும். அந்த முறையில் வெள்ளை மையும் கிடையாது.

தொப்பியில் பூத்தையல் போட நினைத்தால் வாலையும் மெல்லிய கோடுகளையும் தடிமனாக்கித் தனியாக ஒரு வடிவம் வரையுங்கள். நூலுக்கும் பருமன் இருக்கிறது; ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டில் அது நிற்காது. ஸ்டிக்கருக்கு வெட்டுக்கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் பின்னணி நிறம் நீண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் வெள்ளை விளிம்பு எட்டிப் பார்க்கும்.

நிறத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். கறுப்பில் நிற்காத சின்னத்தை எந்த நிறமும் காப்பாற்றாது. திரையில் தெரியும் நிறம் ஒளியால் ஆனது, அச்சில் வருவது மையால் ஆனது. திரையில் மினுங்கும் ஆரஞ்சு, துணியில் செங்கல் போல வரலாம். அதனால் அச்சுத் துறையில் பான்டோன் எண், அதாவது ஒவ்வொரு மை நிறத்துக்கும் பொதுவாக வைத்திருக்கும் எண், சொல்லிக் கேட்கிறார்கள். நம் நாட்டுக் கொடியின் சிவப்புக்குக்கூட அப்படி ஓர் எண் உண்டு: பான்டோன் 032. நீங்களும் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதி வைத்துக்கொண்டால், இந்தக் கடையில் போட்ட பையும் அடுத்த ஆண்டு வேறு கடையில் போடும் பையும் நெருங்கிய நிறத்தில் வரும்.

எங்கே போவது? தாள், பட்டைப் பேனா, மை எல்லாம் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் கிடைக்கும். சன்ஷைன் பிளாசாவில் அச்சுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. டீசட்டைக்குக் குவீன்ஸ்வே கடைத்தொகுதி. ஆனால் அதற்கு முன் ஒரு மாலை, சிராங்கூன் சாலையில் மெதுவாக நடந்து பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். நகைக்கடை எழுத்து எப்படி நிற்கிறது, மளிகைக்கடை எழுத்து எப்படி நிற்கிறது என்று. தமிழ் எழுத்து பருமனாகும்போது சுழிகளை எப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள், எங்கே தவறவிட்டிருக்கிறார்கள் என்பதை அந்தப் பலகைகள் சொல்லிக்கொடுக்கும்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. நீங்களே வரைந்த சின்னத்துக்குப் பதிப்புரிமை வரைந்தவுடனேயே உங்களுடையது, சிங்கப்பூரில் அதற்குப் பதிவு தேவையில்லை. அதை வணிகச் சின்னமாகப் பதிய விரும்பினால் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நான்கைந்து பை விற்பவருக்கு இப்போதே அது தேவையில்லை. ஆனால் அதே மாதிரிச் சின்னம் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது அவசியம். கேன்வாவில் கிடைக்கும் ஆயத்தப் படங்களைச் சேர்த்துச் செய்த லோகோவை வணிகச் சின்னமாக்க முடியாது. ‘சிங்கப்பூர்’ என்று காட்ட மெர்லயனைச் சேர்க்கும் ஆசையும் பலருக்கு வரும். அது 1964ல் சுற்றுலாக் கழகத்துக்காக வரையப்பட்ட சின்னம். விற்கும் பொருளில் போட அனுமதி வாங்க வேண்டும். எழுத்து லோகோவுக்கு அது தேவையும் இல்லை.

மொத்தமாகச் சொல்லிவிடும் முன் ஒரே ஒரு மாதிரி வாங்குங்கள், அதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு ஆனாலும் பரவாயில்லை. பையை மூன்று முறை துவைத்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஜன்னலில் மூங்கில் கழியில் வெயிலில் காயப்போட்டு எடுங்கள். மக்கைப் பதினைந்து நாள் தினமும் பயன்படுத்திக் கழுவுங்கள். பிறகு புள்ளி இருக்கிறதா, வால் முழுதாக இருக்கிறதா, சுழி திறந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வரைபடத்துக்குத் திரும்பிப் போய், அந்த இடத்தை மட்டும் தடிமனாக்கி, இன்னொரு மாதிரி கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஃபைலின் பெயரில் தேதியைச் சேர்த்து, நிறத்தின் எண், அச்சளவு, பையின் மேல்விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃபைலோடு சேர்த்துக் கடைக்கு அனுப்பிவிடலாம்.